குதிகால் குளிரக் காத்திருப்பது

என் பேத்தி மத்திய அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சென்ற மாதம் ஒரு நாள் மாலை, ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, “தாத்தா, நீங்க தொடரைப் படிங்க, நான் அர்த்தம் சொல்றேன்” என்றாள். ஆங்கில மரபுத்தொடர்கள் பக்கம் பக்கமாக வரிசை போட்டிருந்தன. நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சு. ஆங்கிலம் பிற்பாடு வேலைக்காகக் கற்றுக்கொண்டது. அதனால் என் உச்சரிப்பைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரும். ‘கூல் ஒன்ஸ் ஈல்ஸ்’ என்று நான் படித்தேன். “ஹீல்ஸ் தாத்தா, ஈல்ஸ் இல்ல. ஈல்ஸ்னா விலாங்கு மீன்” என்று திருத்தினாள். எழுபத்தாறு வயதிலும் அந்த ‘ஹ’ என் நாக்கில் ஒட்டவில்லை.

உச்சரிப்பைத் திருத்திய கையோடு பொருளும் சொன்னாள்: “பொறுமையாகக் காத்திருத்தல்.”

புத்தகத்தைப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் போட்டிருந்தது. “இது தப்பும்மா” என்றேன். “புக்ல அப்படித்தான் இருக்கு” என்றாள். அடுத்த தொடருக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தப் ‘பொறுமையாக’ என்ற ஒரு சொல் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அரசு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லியே பிழைத்தவன் என்றுகூடச் சொல்லலாம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றியது.

முதலில் பொருள். நெடுந்தூரம் நடந்தால் பாதம் சூடேறும். நடக்காமல் ஓரிடத்தில் நின்றால் அது ஆறும். யாரையோ பார்க்க வேக வேகமாக நடந்து வந்தவன் அந்த வீட்டு வாசலிலோ வெளிக்கூடத்திலோ நிறுத்தப்படுகிறான். நின்று நின்று அவன் குதிகால் குளிர்ந்து போகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்த வழக்கு இது. ஆக, இதன் சரியான பொருள் ‘காத்திருக்க வைக்கப்படுதல்’. காத்திருப்பவன் பொறுமையாக இருக்கிறானா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறானா என்று அந்தத் தொடர் சொல்வதே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அவசரமில்லை என்பதை மட்டும் சொல்கிறது.

நம் ஊர் ஆங்கில நாளிதழ்களைப் பார்த்தாலும் இது விளங்கும். யாராவது கைதாகி ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருந்தால், அவர் சிறையில் குதிகாலைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறார் என்று இந்தத் தொடரைப் போட்டு எழுதுவார்கள். சிறையில் யார் பொறுமையாக இருக்கிறார்கள்? வெளியே வர வழியில்லாமல் இருக்கிறார், அவ்வளவுதான். இங்கிலாந்தில் இதையே ‘கிக் ஒன்ஸ் ஹீல்ஸ்’ என்றும் சொல்வதுண்டு. குதிகாலை உதைத்துக்கொண்டு நிற்பதாம். அதில் எரிச்சல் இன்னும் வெளிப்படையாகவே தெரிகிறது.

பொறுமையாகக் காத்திருப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு தொடர் இருக்கிறது. ‘பைட் ஒன்ஸ் டைம்’ என்பார்கள். தக்க சமயம் வரட்டும் என்று தானாக ஒதுங்கி நிற்பது. அவசரப்படுகிறவனைப் பார்த்துக் கொஞ்சம் நிதானி என்று சொல்ல ‘ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்’ இருக்கிறது. குதிரைகளை இழுத்துப் பிடி என்று அர்த்தம். கடிவாளம் அவன் கையில் இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முதல் இரண்டிலும் முடிவு காத்திருப்பவன் கையில் இருக்கிறது. குதிகால் குளிர்கிறவன் கையில் ஒன்றுமே இல்லை. இந்த மூன்றுக்கும் சேர்த்துப் ‘பொறுமை’ என்று ஒரே பெயர் வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

பிரெஞ்சில் இதற்கு இன்னும் விதவிதமான சொற்கள் உண்டு. புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் எங்கள் மெத்ரு, அதாவது ஆசிரியர், ‘ஃபேர் ல பியே த க்ரு’ என்ற தொடரைச் சொல்லிக் கொடுத்த நாள் நினைவில் இருக்கிறது. கொக்கின் காலைப் போல நிற்பது என்று பொருள். ஒற்றைக் காலில் நெடுநேரம் நிற்கிறது அல்லவா, அதுதான். மெத்ரு கரும்பலகையில் அந்தப் பறவையை வரைந்தார். எங்களுக்குப் படம் தேவைப்படவில்லை. ஊசுட்டேரியில் நாங்கள் பார்க்காத கொக்கா? வரப்பில் நிற்கிற நாற்றைப் போல, தோட்டத்தில் நட்ட ஒரு வகை வெங்காயத் தாளைப் போல அசையாமல் நிற்பதற்கு ‘புவாரோத்தே’ என்று இன்னொரு சொல். பெரிய மனிதர் வீட்டு முன்னறையில் தவம் கிடப்பதற்கு ‘ஃபேர் ஆந்த்திஷாம்ப்ர’ என்பார்கள். வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி கண் விழிப்பதற்காகப் பிரபுக்கள் காத்து நிற்பதற்கென்றே முன்னறை இருந்தது. எவ்வளவு பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் உள்ளே இருப்பவரின் உயரத்தை அளக்கும் கோல்.

குதிகால் நிஜமாகவே குளிர்ந்த கதை ஒன்றையும் வரலாற்று வகுப்பில் படித்தோம். 1077ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்த போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்க இத்தாலியில் கனோசா கோட்டைக்குப் போனார். கதவு திறக்கவில்லை. பனிக்காலத்தில் மூன்று நாள் வாசலில் நின்றார், அதுவும் வெறுங்காலுடன் என்று சொல்வார்கள். கடைசியில் மன்னிப்புக் கிடைத்தது. ஹென்றி பொறுமைசாலி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் எந்த அளவுக்குத் தாழ்த்தப்பட்டார் என்றுதான் எழுதி வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஹென்றி படையோடு ரோமுக்குப் போய் அந்தப் போப்பையே பதவியிலிருந்து விரட்டினார். வாசலில் நின்ற மூன்று நாளை அவர் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலேயர்களிலும் ஒருவர் உண்டு. ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சன். ஆதரவு தருவார் என்று நம்பி செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் வெளிக்கூடத்தில் காத்துக் கிடந்தவர். ஏழு ஆண்டுகள் போயின. உதவி வரவில்லை. 1755இல் அகராதி முடிந்து வெளிவரும் தறுவாயில் பிரபு அதைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரில் தத்தளித்தபோது வேடிக்கை பார்த்துவிட்டுக் கரையேறிய பிறகு வந்து உதவுகிறவர்தான் புரவலரா என்று அதில் கேட்டார். ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதிய மனிதருக்குக் காத்திருக்க வைக்கப்படுவதன் பொருளும் நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் தமிழில் என்ன சொல்கிறோம்? ‘கால் கடுக்க நின்றேன்’ என்கிறோம். அவர்களுக்குக் குளிர்கிறது, நமக்குக் கடுக்கிறது. என்னைக் கேட்டால் அந்த வழிகாட்டிப் புத்தகத்தில் ‘கால் கடுக்க நிற்பது’ என்றே போட்டிருக்கலாம். ‘பொறுமையாகக் கால் கடுக்க நின்றேன்’ என்று யாராவது சொல்வோமா?

வள்ளுவர் இந்த விஷயத்தில் மிகவும் தெளிவானவர். தோண்டுகிறவனையும் தாங்கிக்கொள்ளும் நிலத்தைப் ‘பொறையுடைமை’ அதிகாரத்தில் வைத்தார். காத்திருக்கும் கொக்கை அங்கே வைக்கவில்லை. அது ‘காலமறித’லில் இருக்கிறது. கொக்கு யாருக்கும் அடங்கி நிற்கவில்லை, தன் காரியத்துக்காக நிற்கிறது, சமயம் வந்தால் கொத்திவிடும். பொறுப்பது வேறு, சமயம் பார்ப்பது வேறு. இரண்டும் நாமாகச் செய்வது. பிறர் நம்மை நிறுத்தி வைப்பது இந்த இரண்டிலும் சேராது.

நான் ஏன் ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது. வயதாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

1971இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டு, பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் இருந்த ஓர் அலுவலகத்தில் என்னைப் போட்டார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சில் கையெழுத்தாக எழுதிய தடித்தடியான புத்தகங்கள். புதுச்சேரிக்காரர்கள் ‘எத்தா சிவில்’ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அந்தப் பிரிவில் மேலதிகாரிகளுக்கு ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று யோசித்துப் பாருங்கள். நகல் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் என் மேசைக்குத்தான் வர வேண்டும்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். கணவர் ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் இருந்து இந்தோசீனா வரைக்கும் போய் வந்தவர். அவர் இறந்துவிட்டார். விதவைக்குரிய ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடத் திருமணப் பதிவின் நகல் வேண்டும். எந்த வருடம் கல்யாணம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தை மாதம், என் அண்ணன் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான் என்றார்.

“வருஷம் தெரியாம எப்படிம்மா தேடறது? பொறுங்க, பார்க்கிறேன்” என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் பதிவேடுகளுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு பெயர் அட்டவணை போட்டு வைப்பார்கள். வருடம் தெரியாவிட்டாலும் பெயரைக் கொண்டு தேடிவிடலாம். அரைமணி நேர வேலை. அது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் ஆறு முறை வந்தார். ஆறு முறையும் “தேடிக்கிட்டிருக்கேன், பொறுங்கம்மா” என்றேன். நான் தேடவில்லை.

லஞ்சத்துக்காக அப்படிச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காசு வாங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. அந்த மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றால்தான் நான் ஆள் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அவ்வளவுதான். காசு வாங்கவில்லை, அதற்குப் பதிலாக அந்த அம்மாவின் நாட்களை வாங்கிக்கொண்டேன். அவர் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்து, அரை நாள் நின்று, திரும்பிப் போகும் நாட்கள்.

ஆறாவது முறை வந்தது ஐப்பசி அடைமழையில். எங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் பெஞ்சு கிடையாது. கல் பாவிய தரை. சாரல் அடித்து ஈரமாக இருந்தது. நான் ஜன்னல் வழியாக எதேச்சையாகப் பார்த்தேன். அந்த அம்மா தூணில் சாய்ந்து நின்றிருந்தார். காலில் செருப்பில்லை. தரை சில்லிட்டதால் ஒரு பாதத்தைத் தூக்கி இன்னொரு பாதத்தின் மேல் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றிக்கொண்டார்.

மெத்ரு கரும்பலகையில் வரைந்த கொக்கு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எழுந்து போய் அட்டவணையை எடுத்தேன். இருபது நிமிடத்தில் பெயர் கிடைத்தது. பதிவில் சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். மணமகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் எழுதியிருந்தது. அன்று மாலைக்குள் நகல் எழுதி, முத்திரை வாங்கிக் கையில் கொடுத்தேன். அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இந்தக் கடுதாசிக்காகக் கம்மலை வெச்சு சாப்பிட்டுக்கிட்டிருந்தேன் தம்பி. பென்ஷன் வந்தா மீட்டுடுவேன். இவ்வளவு சிரமப்பட்டுத் தேடிக் குடுத்தியே, நீ நல்லா இருக்கணும்” என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். வாழ்த்திவிட்டுப் போனார். ஐம்பது வருடமாகிறது.

அந்த அம்மா பொறுமையாகத்தான் இருந்தார் என்று நீங்கள் சொல்லலாம். ஆமாம், இருந்தார். ஆனால் அது அவருடைய குணம். அதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ‘பொறுங்கள்’ என்று சொன்ன நான் அவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்ததாக ஆகாது. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்ற பழமொழியை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா’ என்பதையும் சொல்வார்கள். அது நல்ல பழமொழிதான். ஆனால் அதில் வருகிறவருக்குப் பானை கண்ணெதிரே இருக்கிறது. ஆவி பறப்பது தெரிகிறது. இன்னும் எவ்வளவு நேரம் என்று அவரால் கணக்குப் போட முடியும். பானையே காட்டாமல் ஆறட்டும் என்றால் எப்படி?

எல்லாக் காத்திருப்பும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அலுவலக வேலையில் நியாயமான தாமதம் எவ்வளவோ உண்டு. கரையான் அரித்த பதிவேடு, பிரெஞ்சு எழுத்தில் சிதைந்துபோன தமிழ்ப் பெயர், மாற்றலாகிப்போன அதிகாரி. இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். அந்த மழை நாளுக்குப் பிறகு நான் மூன்று காரியம் செய்ய ஆரம்பித்தேன். ஏன் தாமதம் என்று சொல்வேன். எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். பதிவறையில் கால் ஆடிக்கொண்டு சும்மா கிடந்த ஒரு பெஞ்சைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து போட்டேன். “இது என்ன ஆஸ்பத்திரியா?” என்று மேலதிகாரி கேட்டார். பெஞ்சு அங்கேயே இருந்தது. நான் மகானாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் எரிந்து விழுந்த நாட்கள் உண்டு. ஆனால் காரணம், தேதி, உட்கார இடம் இந்த மூன்றையும் முடிந்தவரை விடவில்லை.

என் ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு, 2005இல், தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலர் தன் கையிலிருந்து அபராதம் கட்ட நேரும். அப்போது அலுவலகங்களில் ஏற்பட்ட பதற்றத்தைப் பார்த்திருக்கிறேன். ‘பொறுங்கள்’ என்பது போய் ‘இன்றைக்கு எத்தனையாவது நாள்?’ என்ற கேள்வி வந்தது. கேட்டவன் எண்ண வேண்டியிருந்த நாட்களைக் கொடுப்பவன் எண்ணத் தொடங்கினான். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இப்போது நான் மேசைக்கு இந்தப் பக்கம். ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா? சென்ற நவம்பரில் போனேன். வயதானால் விரல் ரேகையும் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. கருவி என் கட்டைவிரலை ஏற்கவில்லை. பிறகு ஏதோ இணைப்பும் போய்விட்டது. அங்கிருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். “சார், சர்வர் வரல. பதினொன்றரைக்கு வந்துடும்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஃபேனுக்குக் கீழ உட்காருங்க, நானே வந்து கூப்பிடறேன்” என்றாள்.

காரணம் சொன்னாள். நேரம் சொன்னாள். உட்கார இடம் காட்டினாள். இணைப்பு வரப் பன்னிரண்டு மணி ஆயிற்று. அந்த அரைமணியும் எனக்கு உறுத்தவில்லை. அன்று நான் பொறுமையாகத்தான் காத்திருந்தேன். அது என் பெருமை அல்ல, அந்தப் பெண்ணின் பெருமை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன், பாகூர் அம்மாவின் கதை உட்பட. அவள் ஒன்றும் சொல்லவில்லை. செல்போனில் ஓர் அகராதியைத் திறந்து தேடினாள். “நீங்க சொல்றதுதான் சரி தாத்தா. ‘காத்திருக்க வைக்கப்படுதல்’னுதான் போட்டிருக்கு” என்றாள். பென்சிலை எடுத்துப் புத்தகத்தில் ‘பொறுமையாக’ என்பதை அடித்துவிட்டாள்.

அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும். கிடைத்து ஒரு நாற்காலியில் உட்காரும்போது, பென்சிலால் அடித்த அந்தச் சொல் அவளுக்கு நினைவிருக்க வேண்டும். எனக்கு அது இருபத்தைந்து வயதில், ஒரு மழை நாளில்தான் புரிந்தது. அதுவும் ஆறாவது முறைக்குப் பிறகு.